நெயில் பாலிஷ் போட்ட உண்ணி

மலர்க்கொடி தெருமுனையில் தலையைக் காட்டினால் போதும், பாதி வீடுகளில் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்கும். சிதம்பரத்தில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வயது நாற்பத்தாறு. பதினோரு வருஷமாக இதே வேலைதான். மலர்க்கொடி என்று பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘டெங்கு அக்கா’ என்று கேட்டால் வாசலில் விளையாடும் பிள்ளைகள்கூட வீட்டைக் காட்டிவிடும்.

தொட்டி, டிரம், பழைய டயர் இதெல்லாம் எல்லாரும் பார்ப்பதுதான். மலர்க்கொடியின் கண் போகிற இடமே வேறு. பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, ஜன்னலோரத்து மணிபிளான்ட் பாட்டில், மொட்டை மாடியில் யாரும் சீந்தாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி. டார்ச்சை அடித்துத் தலையைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். புழு நெளிந்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். “எங்க வீட்ல புழு இருக்கறதுல ஒனக்கு என்னாம்மா அவ்ளோ சந்தோஷம்?” என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டேவிட்டார். புழு இருப்பதில் என்ன சந்தோஷம்? அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதில்தான் சந்தோஷம். இதை வாத்தியாருக்கு விளக்கிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை, அந்தத் தெருவில் இன்னும் முப்பது வீடு பாக்கி.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் உண்ணி புகுந்தது.

கொண்டுவந்தது ஜாங்கிரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் நனைந்து வந்து வாசலில் படுத்த செவலை நாய் அது. வால் அப்படிச் சுருண்டிருக்கும் என்பதால் மலர்க்கொடியின் மகள் இளமதி வைத்த பெயர். இளமதி கல்யாணமாகி சேத்தியாத்தோப்புக்குப் போன பிறகு, அவள் படுத்த இடத்தில் ஜாங்கிரி படுக்க ஆரம்பித்தது. பங்குனி வெயில் ஏறியபோது அது காதைச் சொறிந்தது. சித்திரையில் உடம்பு முழுக்கச் சொறிந்தது. காதுக்குள் பார்த்தால் ஆமணக்கு விதை மாதிரி நாலைந்து தொங்கின. மலர்க்கொடி எடுத்து எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். எடுத்தது தீரவில்லை.

அவள் கணவன் கலியமூர்த்தி எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மனைவியைக் கிண்டல் செய்யக் கிடைத்த வாய்ப்பை விடுவானா? “ஊருக்கெல்லாம் உபதேசம், நம்ம ஊட்டுல உண்ணி” என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்.

சேத்தியாத்தோப்புக்குப் போய்வந்த பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

இளமதிக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்கு நாள் குறிக்கப் பழம், பூவோடு இருவரும் போனார்கள். இளமதியின் மாமியார் பவானி வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவர். நூல் பிசிறு ஒன்று தரையில் கிடந்தாலும் பொறுக்கமாட்டார். அவர் வீட்டு சோபாவுக்கு வெள்ளை உறை. மலர்க்கொடி அதில் உட்கார்ந்து நாள் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி வெள்ளை உறைமேல் நடந்தது. கால் முளைத்த வெந்தயம் மாதிரி இருந்தது.

“இது என்னா சம்மந்தி?” என்றார் பவானி.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எறும்பு என்று சொல்லியிருக்கலாம். மலர்க்கொடியின் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, “உண்ணி. தட்டையா இருக்குது பாருங்க, ரத்தம் குடிக்கல இன்னும்” என்றாள். சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்று உறைத்தது. கலியமூர்த்தி மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவானி கத்தவில்லை. ஒரு துண்டுத் துணியில் அதைச் சுருட்டி வெளியே கொண்டுபோனார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. தலைச்சம் புள்ள. உண்ணி கடிச்சாக் காய்ச்சல் வருதுன்னு டிவில சொல்றாங்க. வளைகாப்பு நல்லபடியா போட்டுருவோம். ஆனா அனுப்புறத மட்டும், உங்க வீட்ட நான் ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்பறமா சொல்றேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது புவனகிரி தாண்டியதும் மலர்க்கொடி அழுதாள். அவள் இளமதியைப் பெற்றது கடலூர் ஆஸ்பத்திரியில். அம்மா செத்து ஆறு மாதம் ஆகியிருந்த சமயம். பக்கத்துக் கட்டில்காரியின் அம்மாதான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். தன் மகளுக்கு அந்த நிலைமை வரக்கூடாது, பிள்ளை பெறும்போது தான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது. இருபத்து மூன்று வருஷ நினைப்பு, ஒரு வெந்தயத்தால் போய்விடும்போல இருந்தது.

“நாயக் கொண்டு போயி வெள்ளாத்துக்கு அந்தாண்ட உட்டுட்டு வந்துடறேன் மலரு. வேலை முடிஞ்சிது” என்றான் கலியமூர்த்தி.

“இரு மாமா” என்றாள் அவள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் வீடு போர்க்களமாக இருந்தது. பினாயில் போட்டுத் தரை துடைத்தாள். வேப்பிலைப் புகை போட்டாள். ஜாங்கிரியை வேப்பிலை வெந்நீரில் குளிப்பாட்டினாள், அது இரண்டு நாள் அவளோடு பேசாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் எட்டு நாள், பத்து நாள் ஒன்றும் இருக்காது. அப்புறம் எண்ணி வைத்தாற்போலத் திரும்ப வரும். ஒரு நாள் கலியமூர்த்தியின் இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்கு அடியிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டது. சூடு காட்டினால் விழுந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம், ஊதுபத்தியைப் பற்றவைத்து இடுப்பில் வைத்துக்கொண்டான். தோல் பொசுங்கியது. உண்ணி அசையவில்லை.

மலர்க்கொடி ஜாங்கிரியையும் கணவனையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் சனா சின்ன வயசுப் பெண். “நான் மாட்டு டாக்டர் சார், உங்க இடுப்ப நான் பாக்கக் கூடாது” என்று சிரித்துவிட்டு, எடுப்பது எப்படி என்று மட்டும் சொன்னார். சூடு, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக நிதானமாக இழுக்க வேண்டும். இழுத்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உண்ணியை விரலால் நசுக்கவே கூடாது. அடுத்த பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததைச் சொல்லி டாக்டரைப் பார்க்க வேண்டும். கலியமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“நாய உட்டுட்டா தீந்துரும்ல மேடம்?” என்று கேட்டான்.

“நல்லாக் கேட்டீங்க. நாய் மேல இருக்கறது கொஞ்சந்தான் சார். மீதியெல்லாம் உங்க வீட்டுக்குள்ள இருக்கு. நாயக் கொண்டுபோய் விட்டீங்கன்னா பசிக்கு அது யாரத் தேடும்?”

கலியமூர்த்தி இடுப்பைத் தடவிக்கொண்டான். நாயின் எடை பார்த்து டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைத் தின்ற பிறகு நாயைக் கடிக்கிற உண்ணி செத்துவிழும், ஒரு மாதத்துக்குத் தாங்கும், அடுத்த மாதம் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆக, நாய் வீட்டில் இருந்தால்தான் உண்ணி ஒழியும்.

“மீதி எங்க இருக்கும் மேடம்?” மலர்க்கொடி கேட்டாள். குரல் மாறியிருந்தது.

“பொட்டை வயிறு ரொம்பினதும் கீழ விழுந்து, எங்கயாவது இடுக்குல போய் முட்டை வைக்கும். ஆயிரக்கணக்குல வைக்கும். எந்த இடுக்குன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

மூன்று வாரமாக இந்தப் புத்தி எங்கே போயிருந்தது என்று மலர்க்கொடிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கொசு எங்கே பறக்கிறது என்று பார்க்காதே, எங்கே பிறக்கிறது என்று பார். ஊர் முழுக்க அவள் சொல்கிற பாடம் இது. சொந்த வீட்டில் பறக்கிற கொசுவைத் துரத்துகிற மாதிரி நாயையே துரத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. கலியமூர்த்தி பரங்கிப்பேட்டைக்கு ஒரு மோட்டார் வேலைக்குப் போய்விட்டான். ஜாங்கிரிக்கு மாத்திரை கொடுக்கும் முன் அது படுக்கும் சாக்கை உதறினால், ஒரு பெரிய உண்ணி தானாகவே கழன்று விழுந்து கிடந்தது. சாம்பல் நிறம், வயிறு புடைத்து நடக்கத் திணறியது. சோப்புத் தண்ணீரை எடுக்கப் போன மலர்க்கொடி பாதியில் நின்றாள். இளமதி விட்டுப்போன சாமான்களில் ஒரு ரோஸ் கலர் நெயில் பாலிஷ் கிடந்தது. விளக்குமாற்றுக் குச்சியின் நுனியால் ஒரு பொட்டு எடுத்து உண்ணியின் முதுகில் வைத்தாள். ஜாங்கிரியை வெளியே கட்டினாள். தரையில் குப்புறப் படுத்தாள்.

அது போகிற வேகத்துக்கு ஒரு உலை சோறு வடித்து இறக்கிவிடலாம். நாலு விரற்கடை போகும், நிற்கும். முன்னங்காலைத் தூக்கி எதையோ மோப்பம் பிடிக்கும். திரும்பவும் நடக்கும். மலர்க்கொடி தரை வெடிப்புக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ போகும் என்று எதிர்பார்த்தாள். மூன்று வாரமாகப் பினாயில் ஊற்றியதெல்லாம் அங்கேதான். அதுவோ வெடிப்பைத் தாண்டிப் போய்ச் சுவரை அடைந்தது. அங்கே யோசித்தது. அப்புறம் மேலே ஏற ஆரம்பித்தது.

“அடி கள்ளி” என்றாள் மலர்க்கொடி வாய்விட்டு.

அது ஏற ஏற இவளும் எழுந்தாள். முதலில் முட்டி போட்டாள், அப்புறம் நின்றாள், கடைசியில் ஸ்டூல் மேல் ஏறினாள். ஒன்றே கால் மணி நேரம் கழித்து அந்த ரோஸ் பொட்டு, ஹாலில் மாட்டியிருந்த காலண்டரின் ஓரத்தில் ஒரு நொடி தெரிந்து பின்பக்கமாய் மறைந்தது.

இந்தக் காலண்டர் விவகாரம் கலியமூர்த்தியுடையது. மோட்டார் கட்டிக்கொடுத்த கடைக்காரர்கள் தை மாதத்துக்கு முன்னால் ஆளுக்கொரு தினசரி காலண்டர் கொடுப்பார்கள். அட்டையில் முருகனோ லட்சுமியோ நடராஜரோ இருப்பார்கள். வருஷம் முடிந்தால் சாமி படத்தைக் குப்பையில் எறிய முடியுமா? பழசின் மேலேயே புதுசை மாட்டிவிடுவான். தேதிகள் எல்லாம் கிழிந்து போய்விட்டன, சாமிகள் மட்டும் அட்டையோடு தங்கிவிட்டார்கள். ஹாலில் இரண்டு ஆணி, சமையலறையில் ஒரு ஆணி. பதின்மூன்று வருஷம்.

முதல் அட்டையைத் தூக்கி டார்ச் அடித்தாள். இரண்டாவதைத் தூக்கினாள். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில், வறுத்த கசகசாவைக் கொட்டி வைத்ததுபோல முட்டை. பக்கத்தில் வாடிச் சுருங்கிய தாய் உண்ணிகள். தேதித் தாளைப் பிடித்திருந்த தகரப் பட்டியின் மடிப்புக்குள் சின்னதும் பெரிசுமாய் அடைந்துகிடந்த கூட்டம். மலர்க்கொடியின் உடம்பு கூசியது. அதே சமயம் முகம் மலர்ந்ததையும் அவளால் தடுக்க முடியவில்லை.

கலியமூர்த்தி வந்தபோது முப்பத்து நாலு அட்டையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் வாய் இறுகக் கட்டப்பட்டு வெயிலில் கிடந்தன. நடந்ததைக் கேட்டான். “உண்ணிக்கு நெயில் பாலிஷ் போட்டு உட்டியா?” என்று மூன்று தடவை கேட்டான். கொளுத்தப்போகிறேன் என்று அவள் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

“பொண்ணு புள்ளத்தாச்சியா இருக்கறப்ப சாமியக் கொளுத்துவியா? உனக்கு என்னா நெஞ்சழுத்தம் மலரு! கோயில் அரச மரத்தடியில எல்லாரும் பழைய படத்தக் கொண்டுபோய் வெக்கல? அங்க வெச்சிட்டு வந்துடலாம்.”

“அந்த மரத்த யாரு சுத்தறாங்க மாமா? புள்ள வேணும்னு வர்றவளுவ சுத்தறாளுவ. அடியில நாலு நாயி படுத்துக் கெடக்குது. நம்ம ஊட்டு உண்ணிய அவுங்களுக்குக் குடி வெக்கச் சொல்றியா?”

மரத்தடிப் பேச்சை அவன் விட்டான். ஆனால் தீ வைக்கவும் விடமாட்டேன் என்றான். இரண்டு நாள் பை வெயிலிலேயே கிடந்தது. மலர்க்கொடிக்கும் உள்ளூரப் பயம்தான். மகள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் துணிச்சல் வரும்? மூன்றாம் நாள் வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டு மாடியில், போன சதுர்த்திக்கு வாங்கி மறந்துபோன களிமண் பிள்ளையார் ஒரு பக்கெட் மழைத் தண்ணீரில் பாதி கரைந்து நின்றார். சுற்றிலும் புழு நெளிந்தது. வழக்கமாகப் புழுவைத்தான் பார்ப்பாள். அன்றைக்குப் பிள்ளையாரைப் பார்த்தாள்.

சாயங்காலம் கணவனிடம் கேட்டாள். “மாமா, புள்ளையார என்னா பண்ணறோம்?”

“கும்புடறோம்.”

“கும்புட்டுட்டு?”

“கரைக்கறோம்.”

“மண்ணு சாமியக் கரைக்கலாம்னா, அட்டை சாமியக் கரைக்கக் கூடாதா?”

இதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று கலியமூர்த்திக்குப் பட்டது, எங்கே என்றுதான் அகப்படவில்லை. கடைசியில் அவனே போய்க் கல்யாண அண்டாவை இரவல் வாங்கிவந்தான். கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் சோப்புத் தூளும் கொட்டிப் பையை அப்படியே அமுக்கிக் கிழித்தார்கள். நாலு நாள் ஊறவிட்டுக் கழியால் அவனே கிண்டினான். “கோச்சிக்காம கரைஞ்சிடுப்பா முருகா” என்று அவன் சொல்வது அவளுக்குக் கேட்டது. கூழானதைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். சுவர் வெடிப்புகளைச் சுரண்டி சிமென்ட் வைத்துப் பூசினார்கள். துணிமணி, சாக்கு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசினார்கள். ஜாங்கிரி மாத்திரை தின்றுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல வீடெல்லாம் உலாத்தியது.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது பவானி வந்தார்.

ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் டார்ச்சோடு நுழைந்தவள் மலர்க்கொடி. தன் வீட்டுக்குள் இன்னொருத்தி நுழைந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பவானி கட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அலமாரியை இழுத்துப் பார்த்தார். தலையணை உறையின் தையலைப் பிரிக்காத குறையாகப் பார்த்தார். மலர்க்கொடி பின்னாலேயே நடந்தாள். கடைசியில் பவானி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “ஒண்ணும் இல்லியே சம்மந்தி. எங்க வீட்டவிடச் சுத்தமா இருக்கு. வளைகாப்பு அன்னிக்கே மருமவள அழச்சிக்கிட்டுப் போங்க.”

கலியமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. கலர் சோடா வாங்க ஓடப் பார்த்தான்.

மலர்க்கொடி தினமும் காலையில் ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரோரம் விரித்துவைத்துப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. ஒன்பது நாள் வேட்டி வெறுமையாக இருந்தது. பவானி வந்த அன்றைக்குக் காலையில் மூன்று புள்ளி. கடுகில் பாதிகூட இல்லை. லென்ஸ் வைத்து எண்ணினாள், பெரிசுக்கு இருப்பதுபோல எட்டுக் கால் இல்லை, ஆறு. புதிதாய்ப் பொரித்த குஞ்சு. அவளைத் தவிர அது ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் இனி தெரியப்போவதும் இல்லை.

“சம்மந்தி, இருக்குது” என்றாள்.

“என்னா?”

“இன்னிக்குக் காலைல மூணு பாத்தேன். எங்கியோ ஒரு எடத்துல முட்டை தப்பியிருக்குது. ஒழிஞ்சிரும், நாயி மேல ஏறுனா செத்துரும். ஆனா முழுசா ஒழிய இன்னும் ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் அவ உங்ககிட்டயே இருக்கட்டும். இங்க வேணாம்.”

சொல்லி முடித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள். கலியமூர்த்தி அவளை அடித்துவிடுகிறவன்போல முறைத்தான், பிறகு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே” என்று வாசலில் செருப்பைப் போடும்போது பவானி சொன்னார்.

வளைகாப்பு நடந்தது. இளமதி கை நிறைய வளையலோடு மாமியார் வீட்டிலேயே தங்கினாள். பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பவானி போன் செய்தார். “உங்க பொண்ணு அம்மா அம்மான்னு கெடக்கறா. லீவு போட்டுட்டு வந்து இங்கயே தங்குங்க. இது எங்க வீடுன்னு பாக்காதீங்க.”

“பொண்ணு குடுத்த ஊட்டுல போய் மாசக்கணக்கா ஒக்காந்து சோறு திங்கறதா? நாலு பேரு என்னா பேசுவாங்க?” என்றான் கலியமூர்த்தி.

“நாலு பேரு ஊட்டுத் தொட்டியும் எனக்குத் தெரியும். பேசட்டும்” என்றாள் மலர்க்கொடி.

வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த நாலு புடவையை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு போய் இறங்கினாள். பவானி வாசலுக்கு வந்து கையை நீட்டினார். மலர்க்கொடி படியேறவில்லை. தெருவிலேயே பையைத் திறந்து ஒவ்வொரு புடவையாக உதறினாள். எதிர் வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள்.

“எல்லா எடமும் பாத்துட்டேன் சம்மந்தி. பின்னந்தலைய மட்டும் என்னால பாக்க முடியல. நீங்க கொஞ்சம் பாருங்க.”

பவானி உள்ளே போய்த் தைக்கும்போது போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். மலர்க்கொடியைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துத் தான் மேல்படியில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார். காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து, தெருவே பார்க்க, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். அந்த விரல்களுக்கு அவசரமே இல்லை. தலையில் இப்படி இன்னொருத்தர் கைபட்டு மலர்க்கொடிக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“நல்லாப் பாத்தீங்களா?” என்றாள்.

“பாத்துட்டேன். நரைதான் ஜாஸ்தி” என்றார் பவானி, கூந்தலை முடிந்துகொண்டே. “எழுந்திரிங்க. அவளுக்குக் காலைலருந்து இடுப்பு வலிக்குதாம், உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா.”